கோர்ட் பூட்டினாலும் ஜீவனாம்சம் நிக்காது: கேஸ் போடுற தேதியத் தள்ளிப் போடாதீங்க

2020 மார்ச்ல கொரோனாவுக்காக ஊர் பூட்டினப்போ நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைல ஒரு வக்கீலுக்கு குமாஸ்தா. ஆபீஸ் போனுக்கு வந்த கால்ல பாதி "அண்ணே, கோர்ட் இல்லியே, இந்த மாசம் செலவுக்குப் பணம் வருமா"ன்னு. மிச்சப் பாதி பணம் குடுக்க வேண்டிய எதிர்த்தரப்பு ஆளுங்க, "கோர்ட்டே இல்லல்லா, அப்போ குடுக்காண்டாம்லா"ன்னு. இனி ஒரு தொற்று வந்தாலும் இதே கேள்விதான் வரும், அதனால எழுதி வைக்கேன்.

ஆர்டர் போட்டாச்சுன்னா கோர்ட் பூட்டிக் கெடந்தாலும் மாசம் பொறந்தா பாக்கி ஏறும். லாக்டவுன்ல ஜீவனாம்சத்த நிறுத்துங்கன்னு எந்தச் சட்டமும் வரல.

இன்னும் கேஸே போடாதவங்களுக்கு தேதிதான் பணம். 2020 நவம்பர் 4ல ரஜ்னேஷ் நேகா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிட்டு, ஜீவனாம்சம் மனு போட்ட தேதியில இருந்துதான் கணக்குன்னு. ஏப்ரல்ல போட வேண்டிய மனுவ, எல்லாம் அடங்கட்டும்னு செப்டம்பர்ல கொண்டு வந்தா, மாசம் 6,000 ஆர்டர் ஆச்சுன்னு வைங்க, அஞ்சு மாசத்துக்கு 30,000 ரூபா சும்மா போச்சு. இப்போ ஈ-ஃபைலிங் இருக்கு, வக்கீல் வீட்டுல இருந்தே போட்டுடலாம். ஜீவனாம்சம் கேக்குற பிரிவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 125, 2024 ஜூலை 1ல இருந்து அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துல (பிஎன்எஸ்எஸ்) 144, எந்த மதமானாலும் இதுல கேக்கலாம். கல்யாணம் கேரளாவுல பாறசாலைல நடந்து மாப்பிள்ளை குவைத்ல இருந்தாலும், பொண்ணு இப்போ குளச்சல்ல அம்மா வீட்டுல இருந்தா நம்ம மாவட்டத்துலயே போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லன்னா நாகர்கோவில் கோர்ட்ல சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் தருவாங்க, 15100க்கு போன் போட்டாலும் போதும்.

அடுத்தது சொத்து, வருமான அஃபிடவிட், அதாவது சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கிற கணக்கு. அதே ரஜ்னேஷ் தீர்ப்புக்கப்புறம் ரெண்டு பேரும் தாக்கல் பண்ணணும், கேஸோட உயிரே இதுலதான் இருக்கு. கல்ஃப்ல வேலை போச்சுன்னு திரும்பி வந்த ஒருத்தர் வருமானம்ங்கிற இடத்துல 'இல்லை'ன்னு ஒரே வார்த்தை எழுதியிருந்தாரு. பாங்க் ஸ்டேட்மெண்ட வாங்கி வரி வரியா பென்சில் வச்சுப் பாத்தோம், மாசம் 5ம் தேதி ஆனா சீட்டு கம்பெனிக்கு 10,000, ஒரு மாசம் கூட தப்பல, லாக்டவுன் மாசத்துல கூட. வருமானம் இல்லாத ஆளுக்கு சீட்டு கட்ட பணம் எங்கிருந்துன்னு எங்க வக்கீல் கேட்டது அந்த ஒரு கேள்விதான், அந்த ஆளு கையில இருந்த மாஸ்க்க மடிச்சு மடிச்சு விரிச்சுட்டு நின்னாரு. அதனால ஜிபே ஸ்கிரீன்ஷாட், பழைய பாஸ்புக், பிள்ளைங்க ஃபீஸ் ரசீது, மருந்து பில்லு எதையும் தூரப் போடாதீங்க. பொண்ணு தரப்பும் தன் வருமானத்த மறைக்கக் கூடாது, டியூஷன் எடுத்து 3,000 வந்தாலும் எழுதுங்க, பின்னாடி பிடிபட்டா மத்த நியாயமும் சேந்து போயிடும். விசைப்படகுல போற ஆளா இருந்தா மாசக் கணக்கு காட்டாம வருஷக் கணக்கா காட்டுங்க, குளச்சல் பக்கம் ஜூன், ஜூலை தடைக்காலம், ஜூலை மாசத்த மட்டும் காட்டினா எவனும் ஏழைதான்.

ஆம்பளைங்களுக்கும் சொல்லுதேன். நெஜமாவே வேலை போச்சுன்னா குடுக்கிறத நிறுத்திட்டு உக்காந்துராதீங்க, தொகைய கொறைக்கச் சொல்லி மனு போடுங்க, பழைய 127, இப்போ 146. வேலைய விட்டு நீக்கின லெட்டர், விசா கேன்சல் பேப்பர் எல்லாம் கூட வைங்க. அது முடியிறவரைக்கும் முடிஞ்சத பாங்க் வழியா போடுங்க, கையில குடுத்த காசுக்கு சாட்சி கெடையாது. வெறும் வாயால வேலை போச்சுன்னா எடுபடாது, உடம்பு நல்லாருக்கவன் கூலி வேலை செஞ்சாவது பொண்டாட்டி பிள்ளைய காப்பாத்தணும்னு 2022ல அஞ்சு கார்க்ங்கிற பொண்ணோட கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு.

பாக்கிய வசூலிக்க, ஒவ்வொரு மாசத் தொகைக்கும் அது வரவேண்டிய நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டாகணும். கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை உள்ள நாள கெடுவுல சேக்காண்டாம்னு சுப்ரீம் கோர்ட் சலுகை குடுத்துச்சு, அடுத்த தடவையும் குடுக்கும்னு நம்பி இருக்காதீங்க. குடுக்காதவர ஒவ்வொரு மாச பாக்கிக்கும் ஒரு மாசம் வரை உள்ள போடலாம். ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா கடன் தீந்துச்சுன்னு நெறய பேர் நெனைக்காங்க, தீராது.

ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறதுக்கு இந்துக்கள்னா ஒரு வருஷம் பிரிஞ்சிருக்கணும், அப்புறம் ஆறு மாசம் காத்திருக்கணும். அந்த ஆறு மாசத்த தள்ளுபடி பண்ண 2017ல இருந்து வழி இருக்கு. கிறிஸ்தவங்க பிரிஞ்சிருக்க வேண்டியதா சட்டத்துல எழுதியிருக்கது 2 வருஷம். லாக்டவுன்ல போக எடமில்லாம ஒரே வீட்டுல கெடந்தோமே, அது பிரிஞ்ச கணக்குல வருமான்னா, வரும். புருஷன் பொண்டாட்டியா வாழலன்னா ஒரே கூரைக்குக் கீழ இருந்தாலும் பிரிஞ்சதுதான்னு 1991லயே தீர்ப்பு இருக்கு. சர்ச்சோட மறைமாவட்டத் தீர்ப்பாயத்துல கல்யாணம் செல்லாதுன்னு பேப்பர் வாங்கினவங்க அத டைவர்ஸ்னு நெனச்சு அடுத்த கல்யாணத்துக்கு நாள் பாத்துராதீங்க, கோர்ட் டிகிரி, அதாவது கோர்ட்டோட தீர்ப்பாணை, தனியா வாங்கணும். மாசா மாசம் இல்லாம ஒரே மொத்தத் தொகையா பேசினா கடைசி வாய்தாவுல கையில பாங்க் டிடி இருக்கணும், "நெலம் வித்து தாறேன்"ங்கிறத எல்லாம் கேக்காதீங்க.

வீட்டுக்குள்ளயே அடிதடின்னா டைவர்ஸுக்குக் காத்திருக்காண்டாம், பெண்கள் உதவி எண் 181க்கு கூப்பிடுங்க. குடும்ப வன்முறைச் சட்டத்துல அதே வீட்டுல இருந்துட்டே பாதுகாப்பும் செலவுக்குப் பணமும் கேக்கலாம்.

வீடியோ விசாரணைன்னா மாமியார் காதுல விழாத எடத்துல உக்காருங்க. பேச்சிப்பாறை பக்கத்துல இருந்து ஒரு அக்கா சிக்னலுக்காக ரப்பர் தோட்டத்து மேட்டுல கொடையப் பிடிச்சுட்டு நின்னுதான் பேசுனாங்க, மழைச் சத்தத்துல பாதி கேக்கல, அதனால சொன்னதையே எழுதியும் குடுத்துட்டோம். அப்புறம் கேஸோட 16 இலக்க சிஎன்ஆர் நம்பர போன்ல சேவ் பண்ணி வச்சு, ஈ-கோர்ட்ஸ் ஆப்ல வாரம் ஒருக்கா பாருங்க, லாக்டவுன்ல வாய்தாவ மொத்தமா மாத்திட்டே இருந்தாங்க, தேதி தெரியாம எக்ஸ்பார்ட்டி ஆனவங்க, அதாவது கோர்ட்டுக்கு வராததால அவங்க இல்லாமலே உத்தரவு ஆனவங்க, எங்க ஆபீஸ்லயே மூணு பேரு.