அபிலேஷன் அறையில் எக்ஸ்ரேயைக் குறைப்பது எப்படி? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு செய்முறை

இதயத் துடிப்புக் கோளாறுக்கு அபிலேஷன் (கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறை உண்டாக்கும் திசுவைச் செயலிழக்கச் செய்வது) செய்யும் கேத் லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டெக்னீஷியன்கள், செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அறையில் நிற்கும் நம் மீது படும் கதிர்வீச்சில் பெரும்பகுதி எக்ஸ்ரே குழாயிலிருந்து நேராக வருவதில்லை. நோயாளியின் உடலில் பட்டுச் சிதறித்தான் வருகிறது. ஆகவே நோயாளிக்குக் குறைந்தால் நமக்கும் குறையும். ஈய ஏப்ரன் மாட்டிவிட்டோம், போதும் என்று இருப்பவர்கள் கடைசிப் படியை முதல் படியாக எடுத்துக்கொண்டவர்கள்.

முதல் படி: நோயாளி வருமுன் இயந்திரத்தைப் பாருங்கள்

பல இடங்களில் ஆஞ்சியோகிராமுக்காக வைத்த நொடிக்கு 15 ஃப்ரேம் (படம்) என்ற அமைப்பு அப்படியே இருக்கும். ரத்தக் குழாயில் நுண்ணிய அடைப்பைத் தேடுபவருக்கு அது தேவை. நாம் பார்ப்பதோ கதீட்டரின் உலோக முனையை; மங்கலான படத்திலும் அது கறுப்பாகத் தெரியும். 7.5க்கு இறக்குங்கள். பழகிய மருத்துவர்கள் 3 அல்லது 4 ஃப்ரேமிலேயே வேலையை முடித்துவிடுகிறார்கள். படம் விட்டுவிட்டு நகரும், ஆனால் கண் சீக்கிரம் பழகிவிடும். ஃப்ரேமைப் பாதியாக்கினால் கதிர்வீச்சும் சரிபாதியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். சில இயந்திரங்கள் ஒவ்வொரு பல்ஸின் (ஒரு படத்துக்காக விடும் எக்ஸ்ரே துடிப்பின்) அளவையும் தாமாகவே கொஞ்சம் கூட்டிவிடும். பல்ஸ் அளவையும் குறைந்த நிலையில் வைத்தால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

இரண்டாம் படி: மேசை மேலே, டிடெக்டர் கீழே

எக்ஸ்ரே குழாய் மேசைக்கு அடியில் இருக்கிறது. மேசையை உயர்த்தினால் நோயாளியின் முதுகு குழாயிலிருந்து விலகும். மேலே இருந்து படத்தை வாங்கும் டிடெக்டரை மார்பை ஒட்டி இறக்குங்கள். இவ்விரண்டையும் தாங்கும் சி-ஆர்மைத் திருப்பும்போது இடிக்காமலிருக்க டிடெக்டரை உயர்த்துவோம். திருப்பி முடித்ததும் இறக்க மறந்துபோவதுதான் அன்றாடம் நடப்பது. அதைக் கவனித்து நினைவூட்டுவது உங்கள் வேலை. மருத்துவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: பார்க்க வேண்டியதை மட்டும்

மறைப்புத் தகடுகளை நெருக்கி, கதீட்டர் இருக்கும் இடத்துக்கு மட்டும் கதிரைக் கட்டுப்படுத்துங்கள். படத்தைப் பெரிதாக்கும் பொத்தானைத் தவிர்க்கலாம், அது கதிர்வீச்சைக் கூட்டும்.

நான்காம் படி: மிதி

கால்மிதியை அழுத்தியிருக்கும்வரை எக்ஸ்ரே ஓடும். எல்லாவற்றிலும் இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். மருத்துவரின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இதயத்தின் மின்வரைவுகளைப் படித்துக்கொண்டிருக்கும்போது கால் மிதியிலேயே இருந்தால், யாருமே பார்க்காத படத்துக்காக நோயாளி கதிரை வாங்கிக்கொண்டிருக்கிறார். கதீட்டர் நகராதபோது மிதி வேண்டியதில்லை. கடைசிப் படம் திரையில் நிற்கும், அதை வைத்தே பேசலாம். பதிவு வேண்டுமென்றால் சினி (தெளிவு கூடிய பதிவுப் படம்) எடுக்காமல், ஓடிய ஃப்ளூரோ (மிதியை அழுத்தும்போது திரையில் ஓடும் எக்ஸ்ரே) படத்தையே சேமியுங்கள். சினி அதைவிடப் பத்து மடங்குவரைகூடக் கதிர்வீச்சு கொடுக்கும். எக்ஸ்ரே ஓடும் ஒவ்வொரு 5 நிமிடத்துக்கும் ஒருமுறை ஒலிக்கும் மணியைப் பேசாமல் அணைத்துவிடாதீர்கள். மொத்த நேரத்தை உரக்கச் சொல்லிவிட்டு அணையுங்கள்.

ஐந்தாம் படி: மேப்பிங்கை நம்புங்கள்

கார்ட்டோ, என்சைட் போன்ற முப்பரிமாண மேப்பிங் கருவிகள் காந்தப்புலம், மின்தடை ஆகியவற்றைக் கொண்டு கதீட்டர் இருக்கும் இடத்தைக் காட்டுகின்றன. ஏவிஎன்ஆர்டி (ஏவி கணுவில் மின்னோட்டம் சுற்றிவருவதால் வரும் வேகத் துடிப்பு) போன்ற வலப்பக்கக் கோளாறுகளை எக்ஸ்ரே ஏறக்குறைய இல்லாமலே முடிக்க முடிகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) இதயத்தின் இடைச்சுவரைத் துளைக்கும் கட்டம்தான் பயம் தருவது. அங்கே இதயத்துக்குள்ளேயே செலுத்தும் எக்கோ (ஒலியலைப் படம்) கைகொடுக்கும். குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இந்த வழியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

ஆறாம் படி: நமக்கான காப்பு

தூரத்தை இருமடங்காக்கினால் கதிர்வீச்சு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகும். மருந்து செலுத்த நோயாளியை நெருங்கும்போது சொல்லிவிட்டு நெருங்குங்கள், மருத்துவர் காலை எடுப்பார். மேலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடியை நோயாளியின் உடலை ஒட்டி இழுத்து வையுங்கள், மேசையோர ஈயத் திரையையும் விரியுங்கள். எல்.ஏ.ஓ. (நோயாளியின் இடது முன்பக்கச் சாய்வு) கோணத்தில் குழாய் மருத்துவர் நிற்கும் பக்கமாகவே வந்துவிடுவதால் அப்போது இவை மிகவும் அவசியம். ஏப்ரனோடு தைராய்டு காப்பும் ஈய மூக்குக்கண்ணாடியும் அணியுங்கள். ஏப்ரனை மடித்தால் உள்ளே விரிசல் விழும், தொங்கத்தான் விட வேண்டும். நம் மீது பட்ட கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் இருக்கட்டும். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பணியாளருக்கு வைத்திருக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. பேட்ஜை மேசை இழுப்பறையில் போட்டுவைத்தால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும்.

ஏழாம் படி: எழுதி வையுங்கள்

ஃப்ளூரோ நேரம் மட்டும் போதாது. இயந்திரம் காட்டும் ஏர் கெர்மா (நோயாளியின் தோலருகே சேரும் கதிர்வீச்சின் அளவு, கிரே அலகில்), டிஏபி (கதிர்வீச்சின் அளவைக் கதிர் படும் பரப்பால் பெருக்கியது) இரண்டையும் குறியுங்கள். ஏர் கெர்மா 5 கிரேயைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லி, நோயாளியின் வீட்டாரிடம் முதுகுத் தோலைக் கவனிக்கச் சொல்லுங்கள். சிவப்பு தெரிய சில வாரங்கள்கூட ஆகலாம். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இந்த எண் இடம்பெற வேண்டும். அப்போதுதான் பிறகு எங்கோ ஒரு தோல் மருத்துவரிடம் அவர் முதுகைக் காட்டும்போது காரணம் தெரியவரும்.