மஞ்சள் நோட்டீஸுக்குப் பிறகு வீட்டுக் கடன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில் நொடித்து ஐ.பி. (நீதிமன்றத்தில் திவால் மனு) கொடுத்தவருக்கு மறுபடி வீட்டுக் கடன் கிடைக்குமா? கிடைக்கும். நாளாகும், பொறுமை வேண்டும். ஆனால் ஊரில் பலரும் அந்தப் பொறுமையை வீணாக்கும் தவறுகளை முதலிலேயே செய்துவிடுகிறார்கள்.

பெரிய தவறு, மனு போட்டதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பது. தனிநபர் திவால் வழக்குகளுக்குச் சென்னையில் 1909ஆம் ஆண்டுச் சட்டமும், மற்ற மாவட்டங்களில் 1920ஆம் ஆண்டுச் சட்டமும்தான் பொருந்தும். 2016இல் வந்த புதிய திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டப்படி, திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்த பிறகு, அது சொல்லும் கெடுவுக்குள், பழைய கடன்களிலிருந்து விடுவிப்பு கேட்டு நீங்கள்தான் தனியாக மனு செய்ய வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். விடுவிப்பு ஆணை கிடைப்பதற்கு முன் உங்கள் பெயரில் ஒரு வீடு வந்தால், அதுவும் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட வேண்டிய சொத்தில் சேர்ந்துவிடும். அதோடு, விடுவிப்பு பெறாதவர் தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினாலே குற்றம். சிறை வரை போகலாம். 50 ரூபாய் அந்தக் காலத்துத் தொகை, ஆனால் சட்டத்தில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே வங்கிப் படிவத்தில் மறைக்கவே கூடாது. விடுவிப்பு ஆணையின் சான்றிட்ட நகலை வாங்கி, மூலப் பத்திரத்தைப் போலப் பத்திரமாக வையுங்கள்.

நீதிமன்றம் வரை போகாமல் வங்கியோடு பேசி செட்டில்மென்ட் செய்தவர்கள்தான் அதிகம். நாலு லட்சம் பாக்கியை இரண்டரை லட்சத்துக்கு முடித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது ‘செட்டில்டு’ என்றுதான் பதிவாகும், முழுதாகக் கட்டி முடித்ததைக் காட்டும் ‘குளோஸ்டு’ என்று வராது. வீட்டுக் கடன் அதிகாரி முதலில் பார்ப்பது இந்த ஒரு சொல்லைத்தான். கையில் பணம் சேர்ந்ததும் அந்த வங்கிக்கே போய் மீதியைக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் கட்டி முடித்து, பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்கி, பதிவை மாற்றித் தரச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், வீட்டுக்கு முன்பணம் சேர்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது.

அறிக்கையைப் பார்க்காமலே விண்ணப்பிப்பது அடுத்த தவறு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களுமே வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சிலருக்குக் கட்டி முடித்த கடன் பாக்கியாகவே நிற்கும். எப்போதோ நண்பருக்கு ஜாமீன் போட்ட கடனும் அதில் இருக்கலாம். தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ‘சிபிலைச் சுத்தம் செய்து தருகிறேன்’ என்று பணம் கேட்கும் ஏஜென்டிடம் போகவே போகாதீர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது, தவறான பதிவை நீங்களே காசில்லாமல் திருத்தலாம்.

பட்ட அடியில், இனி கடனே வேண்டாம் என்று எல்லாவற்றையும் விட்டு ஒதுங்குவதும் உதவாது. சிபில் அறிக்கையில் கடைசி 36 மாதத் தவணை வரலாறு மாத வாரியாகத் தெரியும். அந்தக் கட்டங்களில் நல்ல பதிவு விழ வேண்டுமானால் சின்னதாக ஒரு கடன் நடப்பில் இருக்க வேண்டும். வைப்புத்தொகையின் பேரில் தரும் கிரெடிட் கார்டு இதற்குப் போதும். மளிகைக்கு மட்டும் பயன்படுத்தி, மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள்.

அப்புறம், ஒரு வங்கி மறுத்ததும் அதே வாரத்தில் ஐந்து வங்கிகளில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் பதிவாகி, சிபில் மதிப்பெண் இன்னும் இறங்கும்.

கடன் உறுதியாகும் முன்பே அட்வான்ஸ் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் போடுவதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. மூன்று மாதக் கெடு தாண்டினால், சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் போய்விடும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். முப்பது லட்சத்துக்கு உட்பட்ட கடன் என்றாலும் வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் வங்கி தராது. முத்திரைத்தாள், பதிவுச் செலவும் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான்.

கிடைத்தால் போதும் என்று எந்த வட்டிக்கும் கையெழுத்துப் போடுவதையும் யோசித்துச் செய்யுங்கள். 30 லட்சத்தை 20 வருடத்துக்கு வாங்கினால், 9 சதவீதத்தில் தவணை சுமார் 26,990 ரூபாய்; 12 சதவீதத்தில் 33,030. மொத்தத்தில் பதினாலு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். ஒரு வருடம் காத்திருந்து வட்டி குறையுமென்றால் காத்திருங்கள். காத்திருக்க முடியாவிட்டால் மாறும் வட்டியில் வாங்குங்கள். அப்படி வாங்கினால், மதிப்பெண் ஏறிய பிறகு அபராதம் இல்லாமல் வேறு வங்கிக்குக் கடனை மாற்றிக்கொள்ளலாம்.