டிராகன் ‘சரி’ என்றால் போதுமா? கதை விளையாட்டுக் காதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான கதை விளையாட்டுகளில் ஒருவர் கேமை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக ஆடுவார்கள், பகடை விழுவதை வைத்துக் கதை நகரும். அதில் சண்டையை விடச் சிக்கலான இடம் காதல்தான். பேசும் டிராகன், நாகப்பெண், வேற்றுக்கிரகத்து விஞ்ஞானி என்று மனிதரல்லாத யாரோ ஒருவர் மேல் ஆடுபவரின் கேரக்டருக்கு மனம் போய்விடும். கேம் நடத்துபவர் திருதிருவென்று விழிப்பார். இங்கே தென்னாப்பிரிக்காவில், 2023-இல் மின்வெட்டு ஓயாத மாதங்களில் கணினியை மூடிவிட்டுப் பகடைக்கு வந்த டர்பன் பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் மேசையில் இந்தப் பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சி, “சும்மா கதைதானே, என்ன வேண்டுமானாலும் செய்யலாம்” என்னும். இன்னொரு கட்சி, “மனுஷனே இல்லாததோட காதலா, சீச்சீ” என்னும்.

இரண்டுமே யோசிக்காமல் தப்பிக்கிற வழிகள். கொம்பு இருக்கிறதா, வால் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, சம்மதம் யாருடையது, அது எப்படி வந்தது என்று கேட்டால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

மூன்று கேள்வியை அனுமதிச் சீட்டாக நினைப்பது

இணையத்தில் ‘ஹார்க்னஸ் டெஸ்ட்’ என்று ஒன்று சுற்றுகிறது. பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வேற்றுக்கிரகத்தாரையும் விட்டுவைக்காமல் காதலிக்கும் கேரக்டரின் பெயரை வைத்திருக்கிறார்கள். கேள்விகள் மூன்றே: அந்த உயிருக்கு மனிதனுக்கு ஈடான அறிவு இருக்கிறதா? தன் எண்ணத்தைச் சொல்ல அதற்கு மொழி இருக்கிறதா? அதன் இனத்தில் அது வயதுக்கு வந்துவிட்டதா?

வடிகட்டியாக இது பயன்படும். சாதாரணக் குதிரையும் ஓநாயும் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். விழுந்தால் அதோடு முடிந்தது, மேலே பேச ஒன்றுமில்லை. தவறு அதற்கு அப்புறம் நடக்கிறது. மூன்றுக்கும் ‘ஆம்’ வந்ததும், “அப்போ ஓகே” என்று காட்சிக்குள் இறங்கிவிடுகிறார்கள். அந்தக் கேள்விகள் சொல்வது இவ்வளவுதான்: இந்த உயிரால் சம்மதம் சொல்ல முடியும். சொல்லிவிட்டதா என்பது தனிக் கதை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் மூன்று கேள்வியிலும் தேறுவார். அதற்காக அவர் உங்களைக் காதலிக்கச் சம்மதித்துவிட்டார் என்று ஆகிவிடுமா?

மயக்கிவிட்டு, ‘அவளுக்கே பிடிச்சிருக்கு’ என்பது

நான் அதிகமாகப் பார்க்கும் தவறு இது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

2014-இல் வந்த டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு விதிப்புத்தகத்தில் ‘சார்ம் பெர்சன்’ என்ற மந்திரம் உண்டு. அதைப் போட்டால் எதிராளி உங்களை நட்பான அறிமுகக்காரராக நினைப்பார். நண்பர் என்ற அளவோடு சரி. காதலர் என்று விதியில் எங்கும் இல்லை. மந்திரத்தின் வேகம் தீர்ந்ததும், நம்மை மயக்கியது யார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இந்தக் கடைசி வரியைப் பலர் படிப்பதே இல்லை. கோபப்பட அவருக்கு உரிமை உண்டு என்பதை விதி எழுதியவர்களே ஒத்துக்கொண்ட இடம் அது.

தென்னாப்பிரிக்காவின் 2007-ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டத் திருத்தம் சம்மதத்தை, தானாக முன்வந்து, கட்டாயமில்லாமல் கொடுக்கும் ஒப்புதல் என்கிறது. எப்போதெல்லாம் அது சம்மதம் ஆகாது என்றும் பட்டியல் போடுகிறது: பலம் காட்டி மிரட்டினால், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால், பொய் சொல்லி ஏமாற்றினால், தூக்கத்தில் இருந்தால், நினைவில்லாமல் இருந்தால், மதுவோ மருந்தோ வேறு பொருளோ உட்கொண்டு தன்நிலையில் இல்லாமல் இருந்தால். சட்டம் எழுதியவர்கள் மந்திரவாதிகளை மனதில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் வசிய மந்திரம், காதல் கஷாயம், உருமாற்றம் எல்லாம் ஒன்றுவிடாமல் அந்தப் பட்டியலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

உருமாற்றத்துக்கு நம் கதைகளிலேயே இரண்டு பக்கமும் இருக்கிறது. கௌதமர் உருவத்தில் அகலிகையிடம் போன இந்திரன் ஒரு பக்கம். இடிம்பி இன்னொரு பக்கம். அவளும் அழகிய பெண்ணாக உருமாறித்தான் பீமன் முன்னால் வருகிறாள். ஆனால் வந்ததும் வராததுமாக, தான் அரக்கி என்பதையும், உங்களைக் கொல்ல அண்ணன்தான் அனுப்பினான் என்பதையும், தனக்குப் பீமன் மேல் ஆசை என்பதையும் அவளே சொல்லிவிடுகிறாள். அப்புறம் பிள்ளை பிறக்கும்வரைதான் சேர்ந்திருப்பது என்று நிபந்தனை பேசி முடிவாகிறது. இங்கே நேட்டாலில் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் வாங்கிவிட்ட நம் தெருக்கூத்து இந்தப் பாண்டவர் கதைகளை எத்தனையோ இரவு ஆடியிருக்கிறது. ‘சீச்சீ’ கட்சிக்கு இடிம்பி ஒருத்தியே போதும். மனித இனம் இல்லை என்றாலும், யார் என்ன என்று முதலிலேயே போட்டு உடைத்தவள் அவள்.

வள்ளி கதையில் கிழவர் வேடமும் யானை பயமும் வருகிறதே என்று யாராவது கேட்பார்கள். காவடி எடுக்கும் வீட்டில் அதைப் பக்தியாகப் பார்ப்பது வேறு, “முருகனே செய்தாரே” என்று பகடை மேசைக்கு இழுத்து வருவது வேறு. முன்னதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பின்னதை நான் ஏற்பதில்லை.

‘அவேக்கன்’ மந்திரம் இன்னும் நுணுக்கமானது. அறிவு மதிப்பு 3 அல்லது அதற்குக் கீழே உள்ள மிருகத்துக்கோ, ஒரு செடிக்கோ அந்த மதிப்பை 10 ஆக்கி, பேசவும் வைத்துவிடும். 10 என்பது சராசரி மனித அறிவு. ஆக, ஹார்க்னஸ் கேள்விகளில் ஓநாய் இப்போது தேறிவிடும். ஆனால் விதி இன்னொன்றும் சொல்கிறது: நீங்களோ உங்கள் கூட்டாளிகளோ அதற்குத் தீங்கு செய்யாதவரை, 30 நாள் அது உங்கள் மயக்கத்தில் இருக்கும். அந்த மயக்கம் தெளிந்த பிறகுதான், உங்களோடு நட்பாக இருப்பதா வேண்டாமா என்று அது தானே முடிவு செய்யும். அந்த 30 நாளில் அது சொல்லும் எந்தச் ‘சரி’யும் கணக்கில் சேராது. முப்பத்தோராம் நாள்? அதன் புத்தியே நீங்கள் போட்ட பிச்சையாக இருக்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்ல அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். என் மேசையாக இருந்தால் நட்போடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். மற்றவர்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம்.

விலக முடியாத ‘சரி’யைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது

விளக்குக்குள் கட்டுண்ட பூதம், கூண்டிலிருந்து வாங்கி வந்த எல்ஃப், ஒப்பந்தம் போட்டு வரவழைத்த பிசாசு. ‘ஆமாம் எஜமான்’ என்று சொல்லும் இவர்களோடு காதல் காட்சி எழுதுகிறவர்கள் நம் ஊர்க்காரர்களாகவும் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து இறங்கியவர்களும் கரும்புத் தோட்ட வேலை ஒப்பந்தத்துக்குச் ‘சரி’ சொன்னவர்கள்தான். வந்த பிறகு அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைத்தாலே பிடித்துக்கொண்டு போவார்கள். அந்தச் ‘சரி’க்கு என்ன மதிப்பு என்பதை நமக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2023-இல் வந்த பல்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டு இதைக் கவனமாகக் கையாண்டிருக்கிறது. அதில் வரும் அஸ்டாரியன் என்ற ரத்தக்காட்டேரி, சுமார் 200 ஆண்டு ஓர் எஜமானனுக்கு அடிமையாக இருந்தவன். தன் அழகைக் காட்டி ஆட்களை மயக்கிக் கூட்டி வருவதுதான் அவனுக்கு இட்ட வேலை. அதனால் ஆடுபவரிடமும் முதலில் அதே பழக்கத்தில்தான் குழைகிறான். கதையின் நடுவில், தன்னைக் கடிக்கச் சொல்லி ஒருத்தி அவனிடம் கேட்பாள். அவனுக்கு விருப்பமில்லை. ஆனால் அவள் கொடுப்பதாகச் சொல்லும் பொருள் நமக்கு லாபம். அவனை வற்புறுத்தும் வாய்ப்பையும் கேம் திறந்தே வைத்திருக்கிறது. வற்புறுத்தினால் அவன் மனம் கசந்துபோகும். அவன் பக்கம் நின்றால், தன் முடிவை ஒருவர் மதித்தது அவனுக்கு எவ்வளவு புதிது என்பதை அவன் வாயாலேயே கேட்கலாம். முதலில் குழைந்ததை வைத்து “இவனுக்கு எல்லாம் ஓகே” என்று முடிவு கட்டியவர்களுக்கு நல்ல சூடு.

இருபது விழுந்தால் மறுக்க முடியாது என்று நினைப்பது

டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு வீட்டு மேசை. கேம் நடத்தும் அக்கா நாகராணியாகப் பேசிக்கொண்டிருக்கிறார். பாணன் வேடத்தில் ஆடும் தம்பி இச்சகமாக நாலு வரி பேசிவிட்டு இருபது முகப் பகடையை உருட்டுகிறான்.

“அக்கா, இருபது! பாருங்க, இருபது!”

“விழுந்திருக்கு. நீ பேசினது அவளுக்குப் பிடிச்சிருக்கு. இன்னைக்கு உன்னைக் கொல்ல மாட்டா.”

“அவ்வளவுதானா?”

“அவளுக்கு ஆள ஒரு ராஜ்ஜியம் இருக்கு, அடைகாக்க முட்டை இருக்கு, நீ வந்து அரை மணி நேரம்தான் ஆகுது. உயிரோட இருக்கியே, அதைவிட என்ன வேணும்?”

மேசையே சிரித்தது. தம்பியும் சிரித்துவிட்டு, ராணியிடம் ஆற்றைக் கடக்க வழி கேட்டுக்கொண்டு போனான்.

அக்கா செய்தது விதிப்படியும் சரி. 2014 பதிப்பில் இருபது விழுந்தால் தானாக வெற்றி என்பது தாக்குதலுக்கு மட்டும்தான். பேச்சுத் திறமைக்கு இல்லை. பல்டர்ஸ் கேட் 3-இல் பேச்சுக்கும் இருபது தானாக வெற்றி. கணினியில் ஆடிப் பழகி மேசைக்கு வருகிறவர்கள் அந்த எதிர்பார்ப்பையும் கூடவே கொண்டுவருகிறார்கள். நல்ல உருட்டல் எதிராளி காது கொடுத்துக் கேட்பதற்கு வழி செய்யும். அவர் மனதுக்குள் இல்லாத ஆசையை அங்கே கொண்டுபோய் வைக்காது.

கணினியில் இதே தவறுக்கு வேறு முகம். மறுப்பு வந்தால் பழைய சேவ் கோப்பைத் திறந்து, வேறு வசனம் தேர்ந்தெடுத்து, ‘சரி’ வரும்வரை திரும்பத் திரும்ப முயல்வது. அல்லது பரிசு பரிசாகக் கொட்டி, நெருக்கத்தைக் காட்டும் இதயக் கணக்கை நிரப்புவது. கேம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது, ஆடுபவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மறுப்பைத் தவறான விடையாக மட்டும் பார்க்கும் பழக்கத்தை மேசைக்குக் கொண்டுவந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எரிச்சல்தான் வரும். ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டில் சாக்கடைக்குள் வாழும் க்ரோபஸ் என்ற நிழல் உயிரை எனக்கு இதனாலேயே பிடிக்கும். எவ்வளவு நெருங்கினாலும் கல்யாணம் கிடையாது. ஒரே வீட்டில் தங்கும் தோழனாக வரச் சொல்லலாம், வருவான்.

வயதை எண்ணால் மட்டும் அளப்பது

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 2007-இல் வந்த முதல் மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி விளையாட்டில், லியாரா என்ற வேற்றுக்கிரகத்துப் பெண்ணுக்கு வயது 106. ஆயிரம் ஆண்டு வாழும் தன் இனத்தில் தான் இன்னும் சின்னவள்தான் என்று அவளே சொல்வாள். ஆனால் பல ஆண்டு தனியாக அகழாய்வு செய்த அறிஞர் அவள். பேச்சும் முடிவும் முழு வளர்ந்தவருடையது. அங்கே சிக்கல் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு, உருவமும் நடத்தையும் குழந்தையாக ஒரு கேரக்டரை வைத்துவிட்டு, “அதுக்கு 500 வயசு” என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அது நடக்காது. எண் வெறும் சாக்கு. தென்னாப்பிரிக்கச் சட்டமும் 18 வயதுக்குக் குறைந்தவராகக் காட்டும் பாலியல் சித்திரிப்பை, எப்படி உருவாக்கிய படமானாலும், கற்பனையானாலும் குற்றமாகவே பார்க்கிறது.

மேசையில் இருப்பவரை மறப்பது

நாகராணிக்கு உண்மையில் மனம் கிடையாது. அவளுக்காகப் பேசும் அக்காவுக்கு உண்டு. “ராணி சம்மதிச்சுட்டாளே” என்று கேம் நடத்துபவரை ஒரு காட்சிக்குள் தள்ளிவிட்டு, அவர் முகம் சுருங்குவதைப் பார்க்காமல் தொடர்வதுதான் இந்த வரிசையிலேயே பெரிய தவறு. மற்றவை கதைக்குள் நடக்கிறவை. இது நிஜ ஆளுக்கு நடப்பது. சுற்றி உட்கார்ந்து கேட்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இதற்குக் கருவிகள் இருக்கின்றன. விளையாட்டு வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் சொன்ன ‘கோடும் திரையும்’ முறையில், கதையில் வரவே கூடாதவை கோட்டுக்கு அப்பால் போகும். நடக்கலாம், ஆனால் விவரிக்க வேண்டாம் என்பவை திரைக்குப் பின்னால் போகும். காதல் காட்சியைத் திரையிட்டு, “மறுநாள் காலை” என்று தாண்டிவிடுவது பெரும்பாலான மேசைகளுக்குப் போதும். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய ‘எக்ஸ் கார்டு’ என்பது மேசை நடுவில் வைக்கும் சின்ன அட்டை. யாராவது அதைத் தொட்டால் காட்சியை மாற்றிவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

கோடு எங்கே என்று பேசும்போது தென்னாப்பிரிக்கத் தணிக்கை வாரியத்தின் குறியீடு உதவும். பாலியல் காட்சிக்கு ஒரு குறி, பாலியல் வன்முறைக்குத் தனிக் குறி என்று அவர்கள் பிரித்தே வைத்திருக்கிறார்கள். முதலாவது ஓகே என்றவர் இரண்டாவதையும் ஏற்றுக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தக் கருவிகள் எல்லாம் அந்நியர்கள் கூடும் மேசையை மனதில் வைத்துச் செய்தவை என்று எனக்குப் படுகிறது. நம் மேசையில் அண்ணனும் மாமன் மகளும் பக்கத்துத் தெரு அக்காவும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் காதல் காட்சியில் உற்சாகமாக இருக்கும்போது சின்னவள் கை நீட்டி அட்டையைத் தொடமாட்டாள். தொட்டால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கேலி. அதனால் கேம் நடத்துபவர் முந்தின நாளே ஒவ்வொருவரிடமும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகக் கேட்டுவிடுவது நல்லது: காதல் வேண்டுமா, எதுவரை, எது வரவே கூடாது? வந்த பதில்களைப் பெயர் சொல்லாமல் ஒரே பட்டியலாக்கி, முதல் உருட்டலுக்கு முன்னால் எல்லாருக்கும் வாசித்துவிடலாம். “இது யார் சொன்னது?” என்று அண்ணன் கேட்டால், “நான்தான் போட்டேன்” என்று கேம் நடத்துபவரே தன் தலையில் போட்டுக்கொள்ளலாம்.