ஐசியுவில் பேச முடியாதவரோடு பேச ஓர் அட்டை: செய்வது எப்படி?

வென்டிலேட்டர் டியூப் குரல் நாண்களுக்கு நடுவே இறங்குகிறது. நோயாளி விழித்திருந்தாலும் சத்தம் வராதது அதனால்தான். அப்பா ஐசியுவில் இருந்தபோது இந்த அட்டையைத்தான் பயன்படுத்தினோம்.

1. முதலில் ‘ஆமாம்’, ‘இல்லை’

எல்லாரும் இதைத் தாண்டி ஓடுவார்கள், ஓடாதீர்கள். கண் சிமிட்டுவது வேண்டாம், அது தானாகவும் நடக்கும். கையை அழுத்தச் சொல்வதும் சரிவராது. கை வீங்கியிருக்கலாம், டியூபைப் பிடுங்காமலிருக்கக் கட்டியும் வைத்திருக்கலாம். மேலே பார்த்தால் ஆமாம், கண்ணை இறுக மூடினால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் தெரிந்த கேள்வியால் சோதியுங்கள்: “நம்ம வீடு தண்டையார்பேட்டையிலதானே?”, “நம்ம வீடு மதுரையிலயா?” மயக்க மருந்தால் காலையில் சரியாகச் சொன்னவர் மாலையில் குழம்பலாம். அதனால் ஒவ்வொரு தடவையும் சோதிக்க வேண்டும். “வலிக்குதா, தூக்கம் வருதா?” என்று இரண்டைச் சேர்த்துக் கேட்டால் பாவம், அவர் எதற்குத் தலையாட்டுவார்?

இந்தச் சைகையைப் பெரிதாக எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டச் சொல்லுங்கள். எங்களுக்குச் சிக்கல் வந்தது இங்கேதான். மாலை டியூட்டி சிஸ்டருக்குச் சொல்லிவிட்டு வந்தோம், காலை டியூட்டிக்கு வந்தவருக்கு அது தெரியவில்லை. அப்பா மேலே மேலே பார்க்க, ஃபேனைப் பார்க்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள்.

2. தேவைப் பக்கம்

அட்டையின் ஒரு பக்கத்தில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக இவற்றை எழுதுங்கள்: வலி, சளி எடுக்கணும், மூச்சு முட்டுது, திரும்பிப் படுக்கணும், குளிருது, வாய் வறண்டிருக்கு, பயமா இருக்கு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஆங்கிலத்திலும் எழுதுங்கள், தமிழ் தெரியாத சிஸ்டர்களும் இருப்பார்கள். ‘தண்ணி’ என்று போடாதீர்கள். டியூப் இருக்கும்போது குடிக்கக் கொடுக்க மாட்டார்கள், ஏமாற்றம்தான் மிஞ்சும். வாய் வறட்சி என்றால் ஈரப் பஞ்சால் துடைத்துவிட முடியுமா என்று கேட்கலாம். கடைசியாக ‘இதுல எதுவும் இல்ல’ என்று ஒரு கட்டம் கட்டாயம்.

3. எழுத்துப் பக்கம்

247 எழுத்தும் வேண்டாம். 18 மெய்க்கும் 12 உயிருக்கும் சேர்த்து 30 கட்டங்கள், வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசை. “முதல் வரிசையா? ரெண்டாவதா?” என்று கேட்டு, வரிசை கிடைத்ததும் எழுத்துகளைத் தொட்டுக் காட்டுங்கள். மெய்களில் க, ச, ட என்றே எழுதினால் போதும், மீதியை நாம் ஊகிக்கலாம். அப்பா ம, ர காட்டியதும் மருந்து என்று முடிவுகட்டினோம். அவர் கேட்டது மருமகளை.

4. லேமினேஷன்

பிராட்வே பக்கம் எந்த ஜெராக்ஸ் கடையிலும் செய்து தருவார்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்க இது அவசியம். செல்போன் ஆப் எனக்குப் பிடிக்கவில்லை. மல்லாந்து படுத்தவருக்குத் திரை மினுங்கும், உள்ளே போனை விடுவதும் நிச்சயமில்லை. கண்ணாடி, காது மெஷின் இருந்தால் அவற்றையும் கொடுத்தனுப்புங்கள், அது இல்லாமல் அட்டையால் பயனில்லை.

பிற்சேர்க்கை: படிக்கத் தெரியாத அம்மாவுக்கு என்ன செய்வது என்று வியாசர்பாடி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எழுத்துப் பக்கத்தை விட்டுவிடுங்கள். தேவைப் பக்கத்தில் படம் வரையுங்கள், ஓர் உடல் உருவமும் சேருங்கள். நீங்கள் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போனால், வலிக்கும் இடத்தில் அவர் மேலே பார்ப்பார். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுபவர்களுக்கும் இதுவே சுலபம்.