புதிய செட் கிடைத்ததும் செய்யக்கூடாதவை: டயாப்லோ 3 கிளாஸ் கியர்

டயாப்லோ 3 என்ற வீடியோ ஆட்டத்தில் ஏழு கிளாஸ்கள் (வீரர் வகைகள்) இருக்கின்றன. 2019 நவம்பர் முதல் 2020 நடுப்பகுதி வரை வெளியான மூன்று பேட்ச்களில் (புதுப்பிப்புகளில்) இந்த ஏழுக்கும் தலா ஒரு புதிய செட் (சேர்த்து அணிந்தால் போனஸ், அதாவது கூடுதல் பலம், தரும் பொருள்களின் தொகுப்பு) வந்து சேர்ந்தது. குருசேடரும் மங்க்கும் முதலில் பெற்றார்கள். அடுத்து டீமன் ஹன்டரும் நெக்ரோமான்சரும். கடைசியாக பார்பேரியன், விட்ச் டாக்டர், விஸார்ட். ஆண்டுகள் ஓடிவிட்டாலும், பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் கல்லூரித் தம்பிகள் இந்த ஆட்டத்தை இப்போதும் புதிதாகத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு இந்தச் செட்கள் எல்லாமே புதியவைதான். பச்சை ஒளியோடு முதல் செட் பொருள் தரையில் விழுந்த அந்த நிமிடத்திலிருந்தே தவறுகளும் தொடங்கிவிடுகின்றன.

முதல் தவறு, அம்புக்குறியை நம்புவது. ஒரு பொருளின் மேல் சுட்டியை வைத்தால் தாக்குதல், தாங்குதிறன், மீட்சி என்ற மூன்றுக்கும் கூடுமா குறையுமா என்று பச்சையிலும் சிவப்பிலும் காட்டும். அந்தக் கணக்கில் செட் போனஸ் சேராது; லெஜண்டரி என்ற அரிய வகைப் பொருளின் தனிச் சக்தியும் சேராது. சிவப்பைப் பார்த்ததும் "அண்ணே, இது பழையதைவிட மட்டம்" என்று சொல்லி, செட்டின் தலைக்கவசத்தை அப்படியே கொல்லனிடம் கொடுத்து உடைத்துவிடுகிறார்கள். பொருளின் விவரத்தில் கீழே பச்சை எழுத்தில் இருக்கும் வரிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும். இரண்டு பொருள் அணிந்தால் என்ன, நான்கு அணிந்தால் என்ன, ஆறு அணிந்தால் என்ன என்று அங்கே எழுதியிருக்கிறது. ஒரு செட்டின் பலம் முழுவதும் அந்த வரிகளில்தான் இருக்கிறது. மேலே உள்ள எண்கள் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

இதைவிடப் பெரிய தவறு, கியரை (அணியும் பொருள்களை) மாற்றிவிட்டு ஸ்கில்லை (தாக்கும் வித்தையை) மாற்றாமல் விடுவது. டீமன் ஹன்டரை எடுத்துக்கொள்வோம். பலரும் முதலில் அன்ஹாலோடு எசென்ஸ் செட்டில் விளையாடிப் பழகியிருப்பார்கள். அது மல்டிஷாட் என்ற ஸ்கில்லுக்குப் பலம் தருவது. நின்ற இடத்தில் நின்று திரை முழுவதும் அம்பு பொழியலாம். பிறகு கியர்ஸ் ஆஃப் டிரெட்லேண்ட்ஸ் கிடைக்கிறது. ஆறு பொருளையும் அணிந்துகொண்டு அதே மல்டிஷாட்டை அழுத்துகிறார்கள். அரக்கன் அசையவே இல்லை. செட் மோசம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

செட் மோசமில்லை. டிரெட்லேண்ட்ஸ் செட்டுக்கு மல்டிஷாட் ஒரு பொருட்டே அல்ல. அது ஓடிக்கொண்டே சுடும் ஸ்ட்ரேஃப் ஸ்கில்லுக்காகச் செய்யப்பட்டது. ஸ்ட்ரேஃப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஓடினால், கடைசியாகப் பயன்படுத்திய முதன்மை ஸ்கில் தானாகவே சீறிப் பாயும். அதனால் மொமென்டம் என்ற சக்தி அடுக்கடுக்காகச் சேரும். முதன்மை ஸ்கில்லின் அடி அந்த அடுக்குகளுக்கு ஏற்ப ஏறும். இதில் 'கடைசியாகப் பயன்படுத்திய' என்பதைக் கவனிக்க வேண்டும். ஹங்கரிங் ஏரோ போன்ற முதன்மை ஸ்கில்லை ஒரு முறையாவது எய்துவிட்டுத்தான் ஸ்ட்ரேஃபைப் பிடிக்க வேண்டும். எய்யாமலே ஓடினால் ஸ்ட்ரேஃபின் சொந்த அம்புகள் மட்டும்தான் பறக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை இதைக் காட்டிக் கொடுத்தால் போதும், தம்பிகளின் முகம் மலர்ந்துவிடும்.

நம் ஊர்க் கோவில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: வில்லும் குடமும் உடுக்கையும் ஒரே தாளத்துக்கு வந்தால்தான் பாட்டு. மற்ற கிளாஸ்களிலும் இப்படித்தான். குருசேடரின் ஏஜிஸ் ஆஃப் வேலர், ஃபிஸ்ட் ஆஃப் தி ஹெவன்ஸ், ஹெவன்ஸ் ஃப்யூரி ஆகிய இரண்டுக்கும் உரியது. மங்க்கின் பேட்டர்ன்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் டெம்பஸ்ட் ரஷ்ஷை நம்பியது. பார்பேரியனுக்கு ஃபிரென்ஸி, நெக்ரோமான்சருக்கு போன் ஸ்பியர், விட்ச் டாக்டருக்கு ஸ்பிரிட் பராஜ், விஸார்டுக்கு ஹைட்ரா. உங்களுக்குப் பிடித்த ஸ்கில் இதில் இல்லையென்றால் புதிய செட்டைக் கட்டாயம் அணிய வேண்டும் என்று சட்டமில்லை. பழைய செட் உங்கள் கைக்கு ஒத்துவந்தால் அதிலேயே தொடரலாம். புதிது என்ற ஒரே காரணத்துக்காகப் பிடித்த ஆட்டமுறையைக் கைவிடுவதையும் நான் தவறு என்றே சொல்வேன்.

அடுத்தது அவசரம். புதிய செட்டில் மூன்று பொருள் கிடைத்ததுமே பழைய ஆறையும் உடைத்துவிடுகிறார்கள். மூன்றில் கிடைப்பது இரண்டுக்கான போனஸ் மட்டும்தான். பழைய ஆறாவது போனஸ் போய், புதியதும் வராமல், முந்தின நாள் எளிதாக வென்ற கட்டத்தில் அடிபட்டு விழுவார்கள். புதிய செட் நிறையும் வரை பழையதையே அணிந்திருங்கள், புதியவை பெட்டியில் இருக்கட்டும். ஆறாவது வரவில்லை என்று ஏங்கவும் வேண்டாம். ரிங் ஆஃப் ராயல் கிராண்டர் என்ற மோதிரம், செட் போனஸுக்கு வேண்டிய எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துவிடும். ஐந்து பொருளே ஆறின் பலனைத் தரும். அந்த மோதிரத்தைக் கையில் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கனாய் க்யூப் என்ற மாயப் பெட்டியில் அதன் சக்தியைப் பிரித்தெடுத்து, நகைகளுக்கான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பிரித்தெடுத்தால் மோதிரம் அழிந்துவிடும், ஆனால் சக்தி நிலைத்திருக்கும். செட் பொருள்களை இப்படிப் பிரித்தெடுக்க முடியாது.

க்யூப் தெரியாதவர்கள் இன்னொரு இடத்திலும் ஏமாறுகிறார்கள். ஒரே தலைக்கவசம் மூன்று முறை விழுந்திருக்கும், கால்சட்டை மட்டும் வரவே வராது. அந்தக் கூடுதல் தலைக்கவசத்தோடு 10 டெத்ஸ் பிரெத், 10 ஃபர்காட்டன் சோல் என்ற மூலப்பொருள்களைச் சேர்த்து க்யூபில் போட்டால், அது அதே செட்டின் வேறொரு பொருளாக மாறும். எதுவாக மாறும் என்பது குலுக்கல்தான். இருந்தாலும், தரையில் விழும் வரை காத்திருப்பதைவிட இது விரைவான வழி. இதற்கு ஃபர்காட்டன் சோல் கையில் இருக்க வேண்டுமே! பலர் அதை, பொருளின் பண்பை மாற்றித் தரும் மிரியத்திடம் கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறார்கள். மிரியம் ஒரு பொருளின் ஒரே ஒரு பண்பைத்தான் மாற்றித் தருவார். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மற்றவை பூட்டப்பட்டுவிடும். முதலில் விழுந்த சுமாரான கையுறைக்கு இந்தச் செலவு வேண்டாம். செட்டை முதலில் நிறைத்துவிடுங்கள், மெருகேற்றுவது பிறகு. ஏன்ஷியன்ட் என்ற உயர்தரப் பொருள்களில் எண்கள்தான் பெரிதாக இருக்கும், செட் போனஸ் அதனால் கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் பதற்றம் பாதியாகக் குறையும்.

இணைப்பு விஷயத்தில் நம் பகுதிக்கென்று ஒரு எச்சரிக்கை. கணினியில் இந்த ஆட்டத்துக்கு இணையம் எப்போதும் இருந்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாலை நேரத்து மின்சாரத்தை நம்பி கிரேட்டர் ரிஃப்ட் என்ற சவால் கட்டத்துக்கான சாவியைச் செலவழிக்காதீர்கள். இணைப்பு மந்தமாக இருக்கிறதென்று ஆசிய சர்வரிலிருந்து வேறு பகுதிக்கு மாறினால் ஹீரோவும் வராது, கியரும் வராது. ஒவ்வொரு பகுதிக்கும் கணக்கு தனித்தனி. பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்து எல்லாம் அழிந்துவிட்டதாக அழுத பிள்ளைகள் உண்டு. பழைய பகுதிக்குத் திரும்பினால் எல்லாம் அங்கேயே இருக்கும்.

ஒரே கணினியை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் சண்டை மூட்டுவது ஹேட்ரிக் பரிசு. சீசன் (சில காலம் நடக்கும் சுற்று) பயணத்தின் 2, 3, 4-ஆம் அத்தியாயங்களை முடித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிசு, ஒவ்வொன்றிலும் செட்டின் இரண்டு பொருள், ஆக ஆறு. பரிசை எந்தக் கிளாஸ் ஹீரோவால் திறக்கிறீர்களோ, அந்தக் கிளாஸின் செட்தான் கிடைக்கும். அந்தச் சீசனில் வேறு கிளாஸுக்கு மறுபடி கிடைக்காது. எந்தச் செட் என்பதையும் சீசன்தான் முடிவு செய்கிறது. அண்ணன் குருசேடரில் அத்தியாயத்தை முடித்திருப்பார். தங்கை தன்னுடைய விஸார்டில் நுழைந்து, ஆசையாகப் பரிசைத் திறந்துவிடுவாள். அதைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. அந்தச் சீசனில் யாருடைய கிளாஸுக்கு எந்தச் செட் வருகிறது என்று பார்த்து, இருவரும் உட்கார்ந்து பேசி, யார் திறப்பது என்று முடிவு செய்யும் வரை மூன்று பரிசுகளும் மூடியபடியே இருக்கட்டும்.