தடுப்பூசிக்குப் பிறகு தீராத தோள் வலி: அமெரிக்காவில் நஷ்டஈடு கேட்பது எப்படி?

ஃப்ளூ ஊசி போட்டால் ஓரிரு நாள் கை வலிப்பது சகஜம். வாரக்கணக்கில் கையைத் தூக்க முடியாமல், சட்டை மாட்டவே சிரமப்பட்டால் அது வேறு விஷயம். ஊசியைத் தோளில் ரொம்ப மேலே குத்திவிட்டால், மருந்து தசைக்குள் போகாமல் மூட்டை ஒட்டிய பகுதியில் இறங்கி வீக்கத்தை உண்டாக்கலாம். இதைச் சிர்வா என்கிறார்கள்.

தடுப்பூசியால் வரும் பாதிப்புகளுக்கு நஷ்டஈடு தர அமெரிக்காவில் 1988 முதல் ஓர் அரசுத் திட்டம் இருக்கிறது. எந்தெந்தப் பாதிப்புகளுக்கு நஷ்டஈடு என்று சொல்லும் அதன் பட்டியலில் 2017-ல் சிர்வாவும் சேர்ந்தது. மனுவில் எதிர்த்தரப்பு ஊசி போட்ட நர்ஸ் இல்லை, மத்திய சுகாதாரத் துறைச் செயலர். அதனால் தயங்க வேண்டாம்.

முதல் படி: சீக்கிரம் டாக்டரைப் பாருங்கள். என்னைக் கேட்டால் பாதி வழக்கு இங்கேயே முடிவாகிவிடுகிறது. பட்டியல்படி, ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். நம்மில் பலர் தானாகச் சரியாகிவிடும் என்று மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, அப்புறம் டாக்டரிடம் போய் “கொஞ்ச நாளாக வலிக்கிறது” என்கிறோம். அவரும் அப்படியே எழுதிக்கொள்வார். பின்னால் அந்த ஒரு வரியே நமக்கு எதிராக நிற்கும். “இந்தத் தேதியில் இடது தோளில் ஊசி போட்டார்கள், அன்று ராத்திரியே வலி வந்தது” என்று சொல்லுங்கள். அது பதிவில் ஏறியதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது: எந்த ஊசி, எந்தக் கை, எந்தத் தேதி என்று காட்டும் சான்றை ஃபார்மசியில் வாங்குங்கள். எம்ஆர்ஐ, பிசியோதெரபி குறிப்புகளோடு பழைய மருத்துவப் பதிவுகளும் வேண்டும். அதே தோளில் முன்பு பிரச்சினை இல்லை என்று காட்ட அவைதான் உதவும்.

மூன்றாவது: பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் தங்கி அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். சிகிச்சையை நடுவில் விட்டுவிடாதீர்கள்.

நான்காவது: இந்த வழக்குகளில் பழக்கமுள்ள வக்கீலைப் பிடியுங்கள். நஷ்டஈட்டில் அவர் பங்கு கேட்கக் கூடாது. நியாயமான அடிப்படையோடு போட்ட மனு தோற்றாலும் அவர் கட்டணத்தைத் திட்டமே கொடுக்கும்.

கடைசியாக, முதல் அறிகுறி தெரிந்து 3 வருடத்துக்குள் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் மனு சேர வேண்டும். வலி, வேதனைக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் தனி.

கோவிட் ஊசி என்றால் இந்த வழி கிடையாது. அதற்கு வேறு திட்டம். ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம்தான் கெடு.