சட்டையில் தேசியக் கொடி: தைப்பவரும் அணிபவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் நெருங்கினால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து எம்பிராய்டரி கடைகளில் கொடி பேட்ச் ஆர்டர் குவிய ஆரம்பிக்கும். பள்ளி விளையாட்டு விழா பனியன், கபடி அணி ஜெர்சி, அது முடிந்தால் தை மாத மஞ்சுவிரட்டுக்கு டீ-சர்ட். தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் வருஷா வருஷம் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். காவி மேலே, பச்சை கீழே என்பது எல்லோருக்கும் தெரியும். கசங்கிய, கிழிந்த கொடியைக் குத்தக் கூடாது என்பதும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

இடுப்புக்குக் கீழே என்பது எங்கே தொடங்குகிறது

தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் 1971-இல் வந்தது. 2005-இல் திருத்தப்பட்ட பிறகு, இடுப்புக்குக் கீழே அணியும் எந்த உடையிலும் சீருடையிலும் துணைப்பொருளிலும் கொடியைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. மெத்தை உறை, கைக்குட்டை, கைதுடைக்கும் துணி, உள்ளாடை, உடைத்துணி ஆகியவற்றில் கொடியை அச்சிடவும் எம்பிராய்டரி போடவும் கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

கால்சட்டையில் யாரும் வைப்பதில்லை. தவறு வேறு இடத்தில் நடக்கிறது. முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டியில் அழகுக்காக ஒரு சின்னக் கொடி வைப்பார்கள். கையைத் தொங்கவிட்டால் அது இடுப்புக்குக் கீழே போய்விடும். துப்பட்டாவின் முனை, அங்கவஸ்திரத்தின் முனை, ஜிப்பாவின் பக்கவாட்டுப் பை, இடுப்பில் மாட்டும் பை எல்லாம் இதே கணக்குதான். மேல் கையும் இடது மார்பும் போதும். பெரியவர் சட்டைக்குத் தோள் தையலிலிருந்து ஐந்து செ.மீ. இறக்கி பேட்ச்சின் மேல் விளிம்பு வரட்டும். சிறுவர் அளவுக்கு மூன்று. மார்பில் என்றால் பையின் மேல் விளிம்புக்கு ஒரு செ.மீ. மேலே. பையின் மீதே தைத்தால் பேனா கிளிப் சக்கரத்தை மறைக்கும்.

சுதந்திர தினத்துக்குச் சேலையோ சுடிதாரோ கேட்டு, முந்தானையில் சக்கரத்தோடு மூவர்ணம் வேண்டும் என்பார்கள். கண்டாங்கிச் சேலையில் அந்தக் கரையை நெய்யக் கேட்பவர்களும் உண்டு. செய்யாதீர்கள். சட்டத்தின் விளக்கத்தில் கொடியின் உருவம் மட்டுமல்ல, அதன் ஒரு பகுதியின் உருவமும் கொடியாகவே கொள்ளப்படுகிறது. தனியாகச் செய்த பேட்ச்சை மேல் உடம்பில் தைப்பதோடு நிறுத்திக்கொள்வதே பத்திரம். சட்டைத் துணியிலேயே நேரடியாக எம்பிராய்டரி போடும் வேலையையும் இதனால்தான் ஒப்புக்கொள்ளக் கூடாது.

சக்கரம்

கொடி வேலையில் பணமும் மானமும் சேர்ந்து போகும் இடம் இதுதான். இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறும் இதுதான்.

சக்கரத்துக்கு 24 ஆரம், அதாவது நடுவிலிருந்து வெளி வட்டத்துக்குப் போகும் கால்கள். ரெடிமேடாக வரும் மலிவு பேட்ச்களில் 16 இருக்கும், 12 இருக்கும், சிலதில் எட்டுகூட இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டிசைன் கோப்பை மெஷினில் ஏற்றினாலும் இதே கதைதான். சின்ன அளவில் 24 ஆரம் போட்டால் நூல் ஒன்றோடொன்று ஒட்டும் என்று பஞ்சிங் போட்டவரே, அதாவது படத்தை மெஷினுக்கான தையல் கோப்பாக மாற்றியவரே, குறைத்துவிடுகிறார். “சக்கரம்னா சக்கரந்தானே தம்பி, யாரு எண்ணப் போறா?” என்று ஆர்டர் கொடுப்பவரும் சொல்லிவிடுவார். விழா அன்றைக்கு உடற்பயிற்சி ஆசிரியர் எண்ணுவார். அதற்குள் இருநூறு சட்டையில் தைத்து முடித்திருக்கும். பிரித்தால் சட்டையில் ஊசித் தடம் நிற்கும். பிரித்த பேட்ச்சைக் குப்பையில் கொட்டவும் முடியாது.

ஏன் ஒட்டுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கொடியின் நீளமும் உயரமும் 3:2. அரசு அளவுகளில் 150 × 100 மி.மீ. கொடிக்குச் சக்கரத்தின் விட்டம் 25 மி.மீ. அதே விகிதத்தில் 75 × 50 பேட்ச்சுக்கு 12.5 மி.மீ. சுற்றளவு 39 மி.மீ. சொச்சம். ஆக, வெளி வட்டத்தில் ஆரத்துக்கு ஆரம் 1.6 மி.மீ. தள்ளியிருக்கும். நடுக்குமிழ் மூன்று மி.மீ. என்றால் அங்கே இடைவெளி வெறும் 0.4 மி.மீ. வழக்கமான 40-ஆம் நம்பர் நூலின் தடிமனே ஏறக்குறைய அவ்வளவுதான். நடுவில் நீலக் கறை விழாமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது இது. வெள்ளைப் பட்டையை நூலால் நிரப்ப வேண்டாம். வெள்ளை ட்வில் துணியையே அடித்துணியாக வையுங்கள். காவியும் பச்சையும் மட்டும் நிரப்பல். நிரப்பிய வெள்ளையின் மேல் ஆரம் போட்டால் தையல் உள்ளே புதைந்துவிடும். ஆரத்துக்கு 60-ஆம் நம்பர் மெல்லிய நூல், 65/9 ஊசி, ஒற்றை ஓட்டுத் தையல் போதும். நெருக்கமாக நிரப்பும் சாட்டின் தையல் வேண்டாம். ஆரங்களை நடுக்குமிழின் விளிம்பிலேயே நிறுத்துங்கள், மையப்புள்ளி வரை கொண்டுபோகாதீர்கள். துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் பேக்கிங் பேப்பர் இரண்டு அடுக்கு வைத்து, துணியை ஃப்ரேமில் விறைப்பாகப் பூட்டி, சக்கரத்தை முதலில் போட்டுவிட்டுப் பட்டைகளுக்குப் போங்கள். பட்டைகளை முதலில் நிரப்பினால் துணி இழுத்துக்கொண்டு வட்டம் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும்.

பேட்ச் 60 மி.மீ. நீளத்துக்குக் குறைந்தால் எம்பிராய்டரியையே மறந்துவிடுங்கள். தறியில் நெய்த லேபிளோ, வெள்ளைப் பாலியெஸ்டர் ட்வில்லில் சப்ளிமேஷன் அச்சோ (சூட்டில் சாயத்தைத் துணியில் ஏற்றுவது) எடுக்கலாம். ஆரம் தெளிவாக நிற்கும்.

சரிபார்க்க 24-ஐயும் எண்ண வேண்டியதில்லை. நேர் மேலே நிற்கும் ஆரத்துக்கும் கிடையாகப் படுத்த ஆரத்துக்கும் நடுவே ஐந்து ஆரம் இருக்க வேண்டும். நான்கு கால்வட்டத்திலும் ஐந்தைந்து. மொத்த ஆர்டருக்கு முன் ஒரே ஒரு மாதிரி போட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஆர்டர் கொடுத்தவரையும் எண்ணச் சொல்லி அதன் பின்புறம் கையெழுத்து வாங்குங்கள். நிறம் நேவி ப்ளூ. நீல நூல் தீர்ந்துபோனால் கறுப்பு அதற்கு மாற்று ஆகாது.

தலைகீழ்க் கை

தெரிந்தும் காவி கீழே போவது, சட்டைக் கைக்கு வெட்டிய துண்டில் பேட்ச் தைக்கும்போதுதான். டீ-சர்ட் கையின் தோள் வளைவு ஆழமில்லாமல் இருக்கும்; அடுக்கில் கிடக்கும்போது எது தோள், எது விளிம்பு என்று சட்டெனத் தெரியாது. வெட்டும்போதே தோள் பக்கம் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். தோள் வளைவின் நடு வெட்டிலிருந்து நேர்க்கோடு இறக்கி, பேட்ச்சின் நடு அதில் நிற்கட்டும்.

பார்டர்

ஓவர்லாக் விளிம்பு கொடிக்கு வெளியே ஓட வேண்டும்: கொடி 75 × 50, மூன்று மி.மீ. விளிம்போடு பேட்ச் 81 × 56.

கொடிமேல் எழுத்து

ஒரு எழுத்தும் கூடாது, அணியின் பெயரும் ஆண்டும் உட்பட.

ஸ்பான்சர் பெயர்

மஞ்சுவிரட்டு டீ-சர்ட்டில் காளையின் படம், நகைக்கடை பெயர், பைனான்ஸ் பெயர் எல்லாவற்றுக்கும் நடுவே கொடியைச் சொருகச் சொல்வார்கள். வியாபாரத்துக்குக் கொடியைப் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. கடைப் பெயர் முதுகில் போகட்டும். கொடி இருக்கும் மார்பிலோ கையிலோ அதற்கு மேலே எதுவும் வராமல் இருக்கட்டும்.

மலேசியாவிலிருந்து வரும் ஆர்டர்

கோவில் திருவிழாவுக்கோ, முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கோ ஊருக்கு வரும் பங்காளிகள், இரண்டு நாட்டுக் கொடியும் சேர்த்து ஒரே மாதிரிச் சட்டை கேட்பதுண்டு. கொடி விதிகளில், பிற நாட்டுக் கொடியோடு வரிசையில் நிற்கும்போது நம் கொடி அதன் வலக்கோடியில், அதாவது பார்ப்பவருக்கு இடக்கோடியில் வரும். சட்டையிலும் அதையே பின்பற்றினால், அணிபவரின் வலப்பக்கம் நமது. உயரம் இரண்டுக்கும் சமம். மலேசியக் கொடியின் விகிதம் 1:2 என்பதால் 50 மி.மீ. உயரத்துக்கு அது 100 நீளம் வரும், நமது 75. நீளத்தைச் சமமாக்கப் போய் ஒன்றை நசுக்கிவிடாதீர்கள்.

அமெரிக்க ராணுவச் சீருடையில் வலக்கையில் கொடி திருப்பி வைக்கப்பட்டிருக்கும்; நட்சத்திரப் பகுதி முன்னோக்கி இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. அதைப் படத்தில் பார்த்துவிட்டு நம் கொடியையும் திருப்பித் தைக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். தேவையில்லை. நம் கொடி இடமிருந்து பார்த்தாலும் வலமிருந்து பார்த்தாலும் ஒன்றே.

சலவை

ரேயான் நூலில் போட்ட காவியும் பச்சையும் பிளீச்சிங் பட்டால் வெளுக்கும், வெள்ளையில் இறங்கும். பாலியெஸ்டர் நூல்தான் வேண்டும். வெள்ளைச் சீருடை வெள்ளாவிக்குப் போகிற வீடென்றால் பேட்ச்சை வெல்க்ரோவில் வைத்துக் கொடுங்கள், கழற்றிவிட்டுப் போடட்டும். இஸ்திரி மறுபக்கத்தில், மேலே ஒரு துணி போட்டு.

சட்டை கரித்துணியாகும் முன்

சட்டை நைந்தால் அடுப்படிக்கோ தரை துடைக்கவோ போகும். பேட்ச்சைப் பிரிக்காமலே போய்விடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. சின்னக் கத்தரியால் பின்புறத்திலிருந்து தையலை நறுக்கினால் பத்து நிமிஷ வேலை. நல்ல நிலையில் இருந்தால் அடுத்த சட்டைக்கு ஆகும். சாயம் போனதோ கிழிந்ததோ என்றால், துண்டாக்காமல் முழுசாக, தனிமையில், மரியாதையோடு எரித்துவிடுங்கள். பாலியெஸ்டர் உருகிப் புகையும், அதனால் வீட்டுக்குள் வேண்டாம். கொல்லைப்புறத்தில் ஒரு மண்சட்டியில் போட்டு எரிக்கலாம்.